வண்டி கைமாறும் நாளிலேயே பொறுப்பும் மாறட்டும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் மாநிலப் போக்குவரத்து ஆணையர்களுக்கும்,

வணக்கம். கோவைப் பதிவெண் உள்ள காரைப் பாலக்காட்டுக்காரருக்கு நேரடியாக விற்பவர், பணம் கைக்கு வந்து சாவியைக் கொடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார். ஆனால் ஆர்சியில் அவர் பெயர் இருக்கும்வரை உரிமையாளர் அவர்தான். 2007-இல் விற்றதாகச் சொல்லப்பட்ட வண்டி ஒன்று, பலர் கைமாறி 2009-இல் விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர் யார் யாரிடமோ அலையக் கூடாது என்பது அதன் நியாயம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

எங்கள் குறை வேறு. 2022 டிசம்பரில் வந்த திருத்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து 29-சி படிவத்தில் தெரிவித்துவிட்டால் வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். தனி ஆளுக்கு விற்றவருக்கு அந்தக் காப்பு இல்லை. வாங்கியவர் பெயரை மாற்றும்வரை காத்திருப்பதே அவர் கதி.

மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, வெளிமாநிலத்தில் விற்றவர், தம் ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்றை 45 நாளுக்குள் வாங்கியவர் ஊர் ஆர்டிஓவுக்கு அனுப்ப வேண்டும். வாங்கியவர் வண்டி கைமாறியதை 30 நாளுக்குள் தம் ஊர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றுக்குப் படிவம் 28, மூன்று பிரதிகள், சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சுடன். வண்டிமேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும்; கடன் தீர்ந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்சியில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும். விண்ணப்பித்து 30 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் சான்று கிடைத்ததாகவே 48-ஆம் பிரிவு கொள்கிறது. விண்ணப்ப ரசீதையும் மறுப்பு வரவில்லை என்ற உறுதிமொழியையும் அனுப்பினாலே போதும். எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒவ்வொரு கவுண்ட்டரிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் தேதி போடாமல் கையெழுத்திட்ட 29 (விற்றதைத் தெரிவிப்பது), 30 (பெயர் மாற்றக் கேட்பது) படிவங்களில்தான் தொடங்குகிறது. தரகர் அவற்றைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு விற்கிறார், அவர் இன்னொருவருக்கு. ஆர்சி மட்டும் அசையாது. அதனால் விற்பவர்களுக்கு நாங்கள் சொல்வது: வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். டெலிவரி நோட்டில் ஒப்படைத்த மணியையும் கிலோமீட்டர் அளவையும் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தையும் அடையாள அட்டை நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேகை அன்றே மூடுங்கள்.

படிவம் 29 இரண்டு பிரதிகளாகத் தரப்படுவது. பெயர் மாறியதும் ஆர்டிஓ ஒன்றில் மேலொப்பமிட்டு உடனே விற்றவருக்குத் திருப்ப வேண்டும் என்று அந்தப் படிவமே சொல்கிறது. அதைத் தவறாமல் கொடுங்கள்.

விற்றவர் அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் படிவம் 29-ஐப் பதிந்ததும், வாங்கியவர் ஓடிபி மூலம் ஒப்புக்கொண்டால், அந்த நொடியிலிருந்து பொறுப்பு அவருடையது என்று விதியைத் திருத்துங்கள். வணிகருக்குச் செய்ததைத்தான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளின் பத்திர வேலை பார்ப்போர்