தாழ்மை முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபைத் தலைவர்களின் பணிவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை மனதைத் தொடும்படி எழுதியிருந்தார்கள், சந்தோஷம். ஆனால் முடிக்கும்போது, விசுவாசிகள் எதிர்க்கேள்வி கேட்காமல் தலைவர்களுக்கு அடங்கி நடப்பதுதான் தாழ்மை என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

லூக்கா 22-ஐ எடுத்துப் பாருங்கள். தங்களில் யார் பெரியவன் என்று சீடர்கள் வாக்குவாதம் பண்ணியது இயேசு கால்களைக் கழுவிய அதே கடைசி இராப்போஜன மேசையில்தான். அதற்கு முன்பே சீடர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் கேட்டு, மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல் வந்தபோது, உலகத்தில் அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது என்று இயேசு சொல்லியிருந்தார் (மாற்கு 10). நாளைக்குச் சபையை நடத்தப் போகிற அந்தப் பன்னிரண்டு பேரிடம் சொன்னது இது. அதை நாம் அப்படியே திருப்பி, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சபைக் கூட்டத்தில் வயதான ஒருவர் எழுந்து, கட்டட நிதியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டார். அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே, அதாவது கடவுள் ஏற்படுத்தியவர்களை எதிர்க்காதே, என்ற வசனம்தான் பதிலாக வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார், தொகையை யாரும் சொல்லவே இல்லை. எருசலேம் சபைக்குக் காணிக்கை சேர்த்த பவுல், தன்மேல் யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று தன் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு சகோதரர்களையும் சேர்த்து அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனுக்கே கணக்கு விஷயத்தில் அந்தக் கவனம் இருந்தது என்றால், நம் போதகர்களுக்கு அது எப்படி அவமானமாகும்?

அப்புறம் பேதுரு. என் கால்களை நீர் ஒருக்காலும் கழுவப்படாது என்று மறுத்த அதே பேதுரு, பிறகு தன் முதல் கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் முதலில் சபையை நடத்தும் மூப்பர்களிடம்தான் பேசுகிறார்: ஆதாயத்துக்காக மேய்க்காதீர்கள், இறுமாப்பாய் ஆளாதீர்கள், மந்தைக்கு மாதிரியாக இருங்கள். இளைஞரே, கீழ்ப்படியுங்கள் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது, அந்த வசனமும் எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்றுதான் தொடர்கிறது. நம் மேடைகளில் அந்த முதல் பாதியை எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? அந்தியோகியாவில் பவுல் எல்லாருக்கும் முன்பாக இந்தப் பேதுருவைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). ஆனாலும் பேதுருவின் இரண்டாம் கடிதத்தில் பவுல் ‘நமக்குப் பிரியமான சகோதரன்’. கண்டித்தவனை இப்படிச் சொல்ல முடிகிறது பாருங்கள், தலைவனிடம் நான் எதிர்பார்க்கிற தாழ்மை இதுதான்.

இது ஒன்றும் புதிதாக வந்த யோசனையும் இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், முக்கியமான காரியம் எதுவானாலும் மடத்தின் தலைவர் எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும், ஏனென்றால் நல்லதை ஆண்டவர் பல சமயம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று இருக்கிறது. முடிவெடுக்கும் பொறுப்பு தலைவருக்குத்தான், சரி, ஆனால் கேட்காமல் முடிவெடுக்க அவருக்கு அனுமதி இல்லை.

கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது தலைவர்களின் பக்கமாகவும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் சபையில் கணக்கை யார் பார்க்கிறார்கள், நீங்கள் தவறும்போது உங்களிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்