செக்ரோல் தாளின் பின்பக்கம்

ஏற்காடு,
ஜனவரி 28.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாயிருக்கச் சேர்வராயன் துணை. கையில் தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ "வேலையாக இருக்கிறேன் அப்பா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எனக்குப் பேச்சு எழுவதில்லை. கடிதமென்றால், பாதியில் வைத்துவிட்டாலும் மேசைமேல் கிடக்கும். என்றைக்காவது எடுத்து முடிப்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ நான்கு நிமிடத்துக்குமேல் பேசவில்லை. குறை சொல்வதற்காக எண்ணவில்லை, எஸ்டேட்டில் 31 வருடம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதிய கை, தானாக எண்ணிவிடுகிறது.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. சில்வர் ஓக் மரங்களில் மிளகு சிவக்கத் தொடங்கியிருக்கிறது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இவற்றை விரிவாக எழுதவே உட்கார்ந்தேன், மனம் அவற்றில் நிற்கவில்லை.

குட்டியின் வாதப் போட்டி என்ன ஆயிற்று? அக்டோபர் மாதம் முழுக்க நீ வேறெதையும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மாலையே கோட்டுப் போட்டுக்கொண்டு பள்ளி வேனில் கிளம்புகிறாள் என்றாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலைப்பு மாறுகிறது, ஒரே தலைப்பில் ஒரு சுற்றில் சரி என்றும் அடுத்த சுற்றில் தவறு என்றும் வாதாட வேண்டியிருக்கிறது என்றாய். இந்தப் பள்ளிப் போட்டிகளுக்கென்று அங்கே அமெரிக்காவில் 1925 முதல் ஒரு தேசிய அமைப்பே இருக்கிறது என்று நீ சொன்னபோது, நம் ஊரில் கோடை விடுமுறைக்குமுன் ஒரு நாள் நடத்திக் கோப்பையைக் கொடுத்து அனுப்பிவிடுவதை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

அவள் வாதாடும் வகைக்கு லிங்கன், டக்ளஸ் என்று இரண்டு பேர் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். 1858இல் இல்லினாய் மாநிலத்தில் ஏழு ஊர்களில், அடிமை முறையைப் புதிய நிலப்பகுதிகளுக்கும் விரியவிடலாமா என்று செனட் பதவிக்கு நின்ற இருவரும் நேருக்கு நேர் வாதிட்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் பேச, மற்றவர் ஒன்றரை மணி நேரம் பதில் சொல்ல, முதலாமவர் எழுந்து மீண்டும் அரை மணி நேரம் பேசுவாராம். கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு 90 நிமிடம். குட்டியின் போட்டியையும் அதேபோலக் கூட்டிப் பார்த்தேன். தீர்மானத்தை ஆதரிப்பவருக்கு 6, 4, 3. எதிர்ப்பவருக்கு 7, 6. இருவருக்கும் 13 தான் வருகிறது. நடுவில் ஒருவரை ஒருவர் மும்மூன்று நிமிடம் கேள்வி கேட்கலாம். கணக்கு நேராக இருக்கிறது, எனக்குப் பிடித்தது. அந்தத் தேர்தலில் செனட் பதவி டக்ளசுக்குத்தான் போயிற்று என்பதையும், தோற்ற லிங்கனின் பெயரே போட்டியில் முன்னால் நிற்கிறது என்பதையும் குட்டியிடம் சொல்லவேண்டும் என்று குறித்துவைத்திருந்தேன். அவள்தான் பேச வருவதில்லையே.

எதிரணி சொல்வதையெல்லாம் ஒரு தாளில் பத்தி பத்தியாகக் கோடு கிழித்து எழுதிக்கொள்கிறார்களாம், அதற்கு 'ஃப்ளோ' என்று பெயராம். தீபாவளியன்று குட்டி அந்தத் தாளைக் காமிராவில் தூக்கிக் காட்டினாள். எந்த வாதத்துக்குப் பதில் வந்தது, எது பதிலில்லாமல் நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. அது செக்ரோலேதான், பாப்பா. வந்தவர், வராதவர், அரைநாள். "தாத்தாவும் இதைத்தான் எழுதினேன்" என்று சொன்னதும் எப்படிச் சிரித்தாள்!

நம் குடும்பத்தில் பேச்சு என்பது இன்று வந்ததில்லை. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறிய மாநாட்டில், கூட்டத்தின் கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர் உன் தாத்தா. அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானத்தில் என்ன இருந்தது என்பதைவிட, அதைச் சொன்னபோது கூட்டம் எப்படி அடங்கிக் கிடந்தது என்பதைத்தான் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மேடை வாய்க்கவில்லை. உனக்கு வாய்த்தது, உன் மகளுக்கும் வாய்த்திருக்கிறது. நான் பெருமைப்படாமல் யார் பெருமைப்படுவது?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதிக் கொடுக்காதே. அவள் எழுதட்டும். டிசம்பரில், "குட்டிக்கு நேரமே இல்லை, இந்த முறை நானே உட்கார்ந்து எழுதிவிட்டேன்" என்று நீ சொன்னபோது, பலே என்று சொன்னவன் நான்தான். அந்தப் பலேயை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவள் எழுதுவது கோணலாக இருந்தாலும் இருக்கட்டும். போட்டிக்குப் பள்ளிகள் நடுவர்களையும் அழைத்துவர வேண்டுமென்று பெற்றோரே போய் உட்காருகிறீர்கள், சொந்தப் பிள்ளைக்கு மட்டும் நடுவராக முடியாது என்று நீயே சொன்னாய். முன்பின் தெரியாத பிள்ளைகளின் தீர்ப்புத் தாளில், "உன் இரண்டாவது வாதம் என்னைச் சிந்திக்க வைத்தது, நிதானமாகப் பேசு, நன்றாக வருவாய்" என்றெல்லாம் எழுதினேன் என்றாயே. அதில் ஒரு வரியை உன் மகளுக்கும் சொன்னால் என்ன குறைந்துவிடும்? காரில் ஏறியதும் முதலில் சாப்பிட்டாயா என்று கேள். எத்தனை சுற்று வென்றாய் என்பதை அவளாகச் சொல்வாள்.

காரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். எழுதிவிட்டேன், இனி அடிப்பதற்கில்லை. குட்டி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதைக் காப்பாற்றத் தெரியாத கிழவன் என்று வைத்துக்கொள், அவளைக் கடிந்துகொள்ளாதே. கேள்வி நேரத்தில் எதிரே நின்ற பையன், "இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டானாம். மீதி நிமிடம் முழுக்க அவள் நின்றுகொண்டே இருந்தாளாம். வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் உன்னுடையதாகத் தெரியவில்லை என்று நடுவர் எழுதியிருந்தாராம். அதற்குக்கூட அவள் வருந்தவில்லை. பனியில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிவந்த நீ வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை என்பதைத்தான் எழுதியிருந்தாள். கடைசியில், "தாத்தா, அம்மா பேச்சுப் போட்டியில் தோற்றபோது நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டிருந்தாள்.

நான்கு நாளாக அதற்குப் பதில் எழுத முடியவில்லை.

நீ மறந்திருக்கமாட்டாய். 1995, நீ ஒன்பதாம் வகுப்பு. பெண் கல்வி என்ற தலைப்பு, ஐந்து நிமிடம், சேலத்தில் ஒரு பள்ளியின் மண்டபம். மூன்றாவது வரிசையில் நான், எனக்கு வலப்பக்கம் பெரியவள். உன் பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்தவள் அவள். பதினைந்து இரவு விளக்கடியில் தாளைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தவளும் அவள்தான். அதனால் அந்தப் பேச்சு உன்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். நீ மேடையில் பேசப் பேச, அவள் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்துகொண்டிருந்தன. மூன்றாவது நிமிடத்தில் நீ நின்றுவிட்டாய். எடுத்துக் கொடுப்பாள் என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்; அவள் உதடும் நின்றிருந்தது, தலை குனிந்திருந்தது. அவளும் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மணி அடித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று தட்டுவடை செட்டு வாங்கித் தரவில்லை. "அப்பா, பாப்பா மத்தியானமும் சாப்பிடவில்லை" என்று பெரியவள் சொன்னது காதில் விழுந்தும் விழாதவன்போல் பேருந்தில் ஏறினேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும், ஒன்று, இரண்டு என்று கொண்டை ஊசி வளைவுகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டு வருவாயே, கண்டக்டரும் சேர்ந்து எண்ணுவாரே, அன்று 20 வளைவிலும் ஒரு குரல் எழவில்லை. ஒண்டிக்கடையில் இறங்கி வீட்டுக்கு வந்தபிறகும் நான் பேசவில்லை. ஒன்பது நாள் பேசவில்லை. நீ அதற்குப்பிறகு மேடை ஏறவில்லை. நான் ஏறச் சொல்லவும் இல்லை. பயந்த சுபாவம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன்.

குட்டிக்குப் பதில் எழுதவேண்டுமே என்று, அந்தப் பேச்சு எங்கே இருக்கிறது என்று தேடினேன். அம்மாவின் தகரப் பெட்டியில், பெரியவளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் தாளுக்கு அடியில் இருந்தது. செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் என் கையெழுத்து. 'இங்கே கையை உயர்த்து', 'இங்கே குரலைத் தாழ்த்து' என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள். மூன்றாவது பக்கத்தில் நான் எழுதியிருந்த வரி இது: 'எங்கள் இல்லத்தில் கல்விக் கதவு எவருக்கும் சாத்தப்பட்டதில்லை.' அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், உன் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

அக்கா?

நீ மறக்கவில்லை. உனக்கு அந்த வரி வாயில் வரவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னால், அவள் தைத்துக் கொடுத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு, அதைச் சொல்ல உன்னால் முடியவில்லை. எழுதிய எனக்கு அது பொய் என்றே தோன்றியிருக்கவில்லை. 1993 ஜூன் மாதம் நான் செய்ததற்கு, பாட்டி படுக்கையில் கிடந்தாள், இரண்டு பேரைப் படிக்கவைக்கக் கட்டாது என்று காரணம் சொன்னேன். அவை காரணங்கள்தாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருவரில் யார் என்று வந்தபோது, நன்றாகப் பேசுகிறவளைத் தேர்ந்தெடுத்தேன். 412 மதிப்பெண் வாங்கியவள் வாயே திறக்காமல் அடுப்படிக்குப் போனாள். அவள் வாய் திறக்காதது எனக்கு வசதியாக இருந்தது.

தாளை அம்மாவிடம் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இப்போதாவது படித்தீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் அது தெரியாதவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்லத் தொடங்கிய கடிதம் இங்கே வந்து நிற்கிறது. இருந்தாலும் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன், நீ எழுதிக் கொடுக்காதே. நீ எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. நான் எழுதியதும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை மேடையில் வாயடைத்து நின்றால், எந்த வரியில் நின்றது என்று பார்க்கவேண்டும். நான் பார்க்கவில்லை. நீ அவளிடம் உட்கார்ந்து, அந்தப் பையன் கேட்ட வாக்கியம் எது என்று கேள். திட்டுவதற்காக இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேள். பிப்ரவரி முடியும்வரை அதே தலைப்புதானே, இன்னும் நாள் இருக்கிறது.

குட்டிக்கு நான் என்ன பதில் எழுதட்டும்? 'ஒன்றும் சொல்லவில்லை' என்பதுதான் உண்மையான பதில். அதை எழுத உன் அனுமதி வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அதற்குப்பிறகு அவள் ஏன் என்று கேட்பாள். மூன்று நிமிடம் கேட்டுப் பழகியவள், தாத்தாவை எளிதில் விடமாட்டாள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா இதைப் படித்துவிட்டு, அந்தத் தாளையும் உறையில் வைத்து உனக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் வாழப்பாடிக்குப் பெரியவளிடம் எடுத்துப் போகிறேன். நான் வருவதை அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.