அந்தப் பழைய பாட்டிலைத் தூக்கிப் போடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அத்தனை மகிழ்ச்சி. அதைப் பற்றி நேரில் பேசுவோம். கடைசி வரியில் போகிற போக்கில், கண் சிவந்து உறுத்துகிறது, போன தடவை மிஞ்சிய சொட்டு மருந்தை விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த பாட்டிலைக் குப்பையில் போடு. திறந்து நாலு வாரம் ஆனால் பெரும்பாலான கண் மருந்துகளை விடக்கூடாது. லேபிளில் இருக்கும் காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்கானது.

நானும் இதே கூத்தை அடித்தவன்தான். அலமாரியில் கிடந்த ஒன்றை எடுத்து இரண்டு நாள் விட்டேன். சிவப்பு சட்டென்று குறைந்தது, எனக்கோ பெருமை தாங்கவில்லை. டாக்டர் பாட்டிலைத் திருப்பி, ஆன்டிபயாடிக் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ‘டெக்ஸாமெத்தசோன்’ என்பதை நகத்தால் தொட்டுக் காட்டினார். ஸ்டீராய்டு! அது சிவப்பை அடக்கிவிடும், கிருமியோ உள்ளே தன் வேலையைப் பார்க்கும். ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழிப் புண் முற்றிவிடும். வாரக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் ஏறலாம்.

உனக்கு வடிவது என்ன? இமை ஒட்டும் அளவுக்கு மஞ்சள் பீளை என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம். சளி பிடித்து, கண்ணில் வெறும் நீர் வடிந்தால் பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. நீ இன்னும் கான்டாக்ட் லென்ஸ்தானே மாட்டுகிறாய்? அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாம். லென்ஸைக் கழற்றிவிட்டு இன்றே டாக்டரிடம் போ. வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான்.

மருந்து எழுதிக் கொடுத்தால் ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும். கண்ணில் தங்குவது சுமார் 30 மைக்ரோலிட்டர். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே பெரும்பாலும் அதைவிடப் பெரிது, இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகும். கையைக் கழுவிவிட்டு, கீழிமையை லேசாக இழுத்து, அந்தக் குழியில் விடு. பாட்டில் முனை இமை முடியில்கூடப் படக்கூடாது. பட்டால் கிருமி மருந்துக்குள்ளேயே குடியேறிவிடும். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொள். இல்லாவிட்டால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியே தொண்டைக்கு இறங்கிவிடும். நாக்கில் திடீரென்று கசப்பது அதனால்தான். எனக்கு மருந்து விடும்போதெல்லாம் கண்ணைவிட வாய்தான் பெரிதாகத் திறக்கிறது, ஏனென்று தெரியவில்லை!

இன்னொரு சொட்டு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடு. ஆயின்ட்மென்ட் கடைசியில்.

இரண்டாம் நாளே கண் வெளுத்துவிட்டது என்று நிறுத்திவிடாதே. சொன்ன நாள் வரை விடு. இரண்டு மூன்று நாளில் குறையவே இல்லையென்றால் திரும்பப் போய்க் காட்டு. உன் துண்டையும் தலையணை உறையையும் வீட்டில் வேறு யாரும் தொட வேண்டாம். லென்ஸைக் கண் முழுதும் சரியாகும்வரை மாட்டாதே.

நாளை ராத்திரி போன் பண்ணுகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று சொல். ‘இன்னும் போகலை’ என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
பாலு