எண்ணத்தை விரட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் மனப்பயிற்சி) கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பயிற்சியை எளிமையாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று சொன்ன இடம் உறுத்தியது. மூச்சில் கவனம் குவிந்தால் எண்ணங்கள் ஓடிவிடும், மனம் அடங்கிவிடும் என்கிறது கட்டுரை. கட்டம் கட்டிப் போட்ட குறிப்பிலோ, எண்ணம் வந்தால் உடனே விரட்டும்படி எழுதியிருக்கிறது. கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தி, மாணவர்களுக்கு மனநல ஆலோசனையும் சொல்லிவந்தவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இந்தப் பயிற்சியை மருத்துவத்துக்குக் கொண்டுவந்த ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய வகுப்புக்கு, நாள்பட்ட வலியோடு அலைந்தவர்கள் பலர் வந்தார்கள். வலியை மறக்க அவர் வழி சொல்லவில்லை. வலிக்கிற இடத்தையே கவனிக்கச் சொன்னார். இடுப்பில் குத்துவது ஒன்று, ‘இனிமே என் வாழ்க்கை இவ்வளவுதான்’ என்று மனம் அதன்மேல் ஏற்றுகிற பாரம் இன்னொன்று. இரண்டும் பிரிந்து தெரியும்போது வலி குறையாவிட்டாலும் வேதனை குறையலாம் என்பதே அவர் தந்த விளக்கம்.

மனச்சோர்வுக்கு இதைக் கொண்டுவந்த உளவியலாளர்கள் டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் மூவரும் இன்னும் நுட்பமாகப் போனார்கள். பலமுறை மனச்சோர்வில் விழுந்து எழுந்தவருக்குச் சின்ன வருத்தம் வந்தாலே போதும், பழைய எண்ணங்கள் வரிசையாக வந்து நிற்கும். தோழி வாட்ஸ்அப்பில் பதில் போடவில்லை. என்மேல் கோபமோ? நான் என்ன செய்தேன்? என்னை யாருக்குமே பிடிக்காது. நான் எதற்கும் லாயக்கில்லை. இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள். பயிற்சி பெற்றவருக்கும் இந்த எண்ணங்கள் வரத்தான் செய்யும். ஆனால் ‘நான் லாயக்கில்லை’ என்று நம்புவதற்குப் பதில், ‘லாயக்கில்லை என்கிற எண்ணம் வந்திருக்கிறது’ என்று சற்றுத் தள்ளி நின்று பார்க்க அவரால் முடிகிறது. சங்கிலி அங்கே அறுபடுகிறது.

இந்தக் கோட்பாட்டை நான் மதிப்பதற்குக் காரணம் 2000-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு. மூன்று முறை அல்லது அதற்கு மேல் மனச்சோர்வு வந்து குணமானவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் நோய் திரும்பியது. பயிற்சியும் சேர்ந்தபோது அது 37 சதவீதம். இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்கோ பலன் தெரியவில்லை. வெறும் மன அமைதிதான் மருந்து என்றால் எல்லோருக்கும் ஓரளவாவது கேட்டிருக்க வேண்டுமே! திரும்பத் திரும்ப வந்து தடம் பதிந்துபோன எண்ண ஓட்டத்தைத்தான் பயிற்சி தொடுகிறது என்று கொண்டால் கணக்கு ஒத்துவருகிறது.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட பகுதி, ஏற்றுக்கொள்ளுதல். உளவியல் ஆய்வாளர்கள் லிண்ட்சே, கிரெஸ்வெல் இருவரும் 2017-ல் முன்வைத்த கோட்பாட்டின்படி கவனிப்பு மட்டும் போதாது. கவனிப்பு கூடினால் மகிழ்ச்சி தெளிவாகத் தெரிவதுபோல் பயமும் தெளிவாகத் தெரியும். வந்ததை வந்தபடி இருக்க விடும் பழக்கமும் சேர்ந்தால்தான் நெருக்கடி தணியும். இரண்டு வாரம் போனிலேயே பயிற்சி கொடுத்து, பிறகு மதிப்பிடுவோர் முன்னால் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்துச் சோதித்தார்கள். இரண்டையும் கற்றவர்களிடம், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனும் ரத்த அழுத்தமும் குறைவாகவே ஏறின. கவனிக்க மட்டும் கற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை.

ஒரு மாணவியிடம் இதையே நேரில் கண்டேன். தேர்வு பயம். ஏதோ செல்போன் ஆப்பைப் பார்த்து மூச்சைக் கவனித்திருக்கிறாள், படபடப்பு கூடியதுதான் மிச்சம். சரியாக மூச்சு விடுகிறேனா, எண்ணம் போய்விட்டதா என்று ஒவ்வொரு மூச்சிலும் தன்னையே பரீட்சை வைத்துக்கொண்டிருந்தாள். ‘படபடப்பு இருக்கட்டும்மா. எங்கே இருக்கு, நெஞ்சிலயா, தொண்டையிலயா?’ என்று கேட்டேன். தொண்டை என்றாள். அதைப் போகச் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். தோள் இறங்கியது.

எல்லோருக்கும் எப்போதும் கைகொடுக்கும் என்பதும் உண்மையில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. வழக்கமான மனநல வகுப்புகளைவிட மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு கூடுதல் பலன் தரவில்லை. நம் பள்ளிகளில் காலை வணக்கத்தோடு இதையும் சேர்க்க நினைக்கும் தலைமையாசிரியர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

அடுத்த இதழில் அந்தக் கட்டத்தைத் திருத்தி வெளியிடுங்கள். விரட்டச் சொன்ன வரியை எடுத்துவிட்டு, ‘எண்ணம் வந்தால் வந்ததைக் கவனியுங்கள், அதோடு சண்டை போடாமல் மூச்சுக்குத் திரும்புங்கள்’ என்று போடலாம். கடும் மனச்சோர்வில் இருப்பவர்களும், பழைய அதிர்ச்சி நினைவுகளால் அவதிப்படுபவர்களும் மனநல மருத்துவரைக் கேட்காமல் தனியாகத் தொடங்க வேண்டாம், மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம் என்பதையும் அதே கட்டத்தில், அதே எழுத்தளவில் சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியை,
திருச்சி