செத்த பிறகு தெரிந்து என்ன பயன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட வாழ்க்கையை வைத்து ரோல் பிளேயிங் கேம் (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்) செய்துவரும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்கள் டெமோவை, அதாவது மாதிரிப் பகுதியை, முழுக்க ஆடிப் பார்த்தோம். ரப்பர் நிரைகளும் தொழிலாளர்களின் லயத்து வீடுகளும், விடியுமுன் இருட்டில் அசையும் தலைவிளக்கும் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் எந்த எதிரிக்கு எவ்வளவு பலம் என்பது ஆடுபவருக்குச் செத்த பிறகுதான் தெரிகிறது. இதைத் திருத்தாமல் வெளியிட்டுவிடாதீர்கள்.

லயத்துக்குப் பின்னால் வரும் காட்டுப்பன்றி மூன்று வெட்டில் விழுகிறது. செம்பனைப் பக்கம் அதே பன்றி, கொஞ்சம் கருத்த நிறம். ஒரே முட்டில் ஆள் காலி. நிறத்தை மட்டும் மாற்றுவது பழைய வழக்கம்தான். 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட் கேமிலேயே ஸ்லைம் என்ற கூழுருண்டை எதிரிக்கு நிறம் மட்டும் மாறிய சிவப்பு வகை உண்டு. அங்கே பாலம் தாண்டினால் எதிரி வலுக்கும் என்ற ஒழுங்கும் கூடவே இருந்தது. உங்கள் வரைபடத்தில் அப்படியொரு கோடு இல்லை. தோட்ட எல்லைக் கால்வாயை அதற்கு வையுங்கள். இந்தப் பக்கம் மரத்துக்கு மரம் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு. அந்தப் பக்கம் மங்கே இல்லை, வெட்டுத் தழும்பு மூடிப்போன மரங்கள், இடுப்பளவு புதர். இங்கே ஆள் வருவதில்லை என்பதை மரமே சொல்லிவிடும்.

பன்றியின் உருவத்தையும் மாற்றுங்கள். கோரைப்பல் நீளட்டும், முதுகு மயிர் சிலிர்த்து நிற்கட்டும், உடல் மூன்றில் ஒரு பங்கு பெருக்கட்டும். பிறகு திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். இரண்டு பன்றியும் ஒன்றுபோல் தெரிந்தால் வேலை முடியவில்லை. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் ஆடுவார்கள்.

எதிரியின் தலைக்கு மேல் அதன் லெவலை, அதாவது பலத்தின் படியை, எண்ணாகப் போடலாம் என்று நினைப்பீர்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் ஆடுபவரைவிடப் பத்து லெவலோ அதற்கு மேலோ கூடின எதிரிக்கு எண்ணுக்குப் பதில் மண்டையோடு தெரியும். அது அங்கே சரி, ஏனென்றால் லெவல் இடைவெளிதான் சண்டையைத் தீர்மானிக்கிறது. உங்கள் கேமில் விஷமும் இருக்கிறதே. மருந்து கையில் இல்லாதவனுக்கு லெவல் 6 நாகம், லெவல் 9 பன்றியைவிட ஆபத்து. எண் அங்கே பொய் சொல்லும். 1999இல் வந்த எவர்குவெஸ்ட் கேமில் எதிரியை எடைபோட ஒரு கட்டளை உண்டு. பதில் வாக்கியமாக வரும். உங்களிடம்தான் கூடவே நடக்கும் பாட்டி இருக்கிறாரே! ஆடுபவரின் ஆயுதம், மருந்து, உயிர் மூன்றையும் கணக்கிட்டு, "விரட்டிப்புடலாம்", "பாத்து நில்லு", "வேணாம்யா, திரும்பு" என்று அவரே சொல்லட்டும்.

எச்சரிக்கை நேரத்தோடு வரவேண்டும். பன்றி ஐந்து கட்டத்தில் பாய்கிறதென்றால் உறுமல் ஒன்பது கட்டத்திலேயே கேட்கவேண்டும். பாயுமுன் மண்ணைக் கிளறும் அசைவுக்கு நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) வேகத்தில் குறைந்தது 30 ஃபிரேம், அதாவது அரை நொடி, கொடுங்கள். இப்போது 8 ஃபிரேம்தான் இருக்கிறது. கண் பார்த்துக் கை அசைவதற்குள் முட்டிவிடுகிறது. முழு உயிரோடு இருப்பவரை முதல் அடி கொல்லக் கூடாது. பாதிக்கு மேல் பறிக்கட்டும், ஓட வழி இருக்கட்டும், கால்வாய் தாண்டினால் பன்றி திரும்பிவிடட்டும்.

ஆடுபவரோடு சேர்த்து எல்லா எதிரியையும் வளர்க்க மட்டும் வேண்டாம். 2006இல் ஒப்ளிவியன் என்ற கேம் அப்படிச் செய்தது. பிற்பாடு சாதாரண வழிப்பறிக்காரனும் உயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்தான். கவசத்தைப் பார்த்து ஆளை எடைபோட வழியில்லாமல் போனது.

அடுத்த சோதனைக்குக் கேமைப் பார்த்தே இராத மூன்று பேரை உட்கார வையுங்கள். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் "ஜெயிப்பீர்களா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "ஜெயிப்பேன்" என்றவர் எங்கே பத்து நொடிக்குள் விழுகிறாரோ, அங்கே அடையாளம் போதவில்லை. அந்தக் கருத்த பன்றியிலிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
ஊர்க்கார ஆட்டக்காரர்கள் சிலர்