ஏரிக்குள்ளும் சுனாமி பிறக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுனாமி குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கடலைப் பற்றிச் சொன்னதில் குறையில்லை. ஆனால் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன ஏரிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

நகரும் பனியாறு பாறையை மாவாக அரைத்துவிடுகிறது. அந்த நுண்வண்டல் ஏரியின் அடிச்சரிவுகளில் நீர் ஊறி, சரியாக இறுகாமலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தங்கியிருக்கிறது. நிலநடுக்கம் உலுக்கும்போதோ, ஆறு மேலும் மேலும் மண்ணைக் கொண்டுவந்து ஏற்றும்போதோ, துகள்களுக்கு நடுவே உள்ள நீரின் அழுத்தம் கூடிப் பிடிப்பு தளர்ந்துவிடும். அதிகச் செங்குத்தில்லாத சரிவுகூட அப்போது மொத்தமாக வழுக்கி இறங்கும். மேலுள்ள நீர் அலையாகிக் கரையேறும்.

இது வெறும் கணிப்பு அல்ல. கி.பி. 563இல் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரியின் கிழக்கு முனையருகே மலை இடிந்து விழுந்தது. எழுந்த அலை, ஏரியின் மறுகோடியிலிருந்த ஜெனீவாவின் பாலத்தையும் ஆலைகளையும் அடித்துச் சென்றதை அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். இடிபாடு மோதியதில் ரோன் ஆற்றுக் கழிமுகத்து வண்டல் சரிந்ததே இதற்குக் காரணம் என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் விளக்கினார்கள். ஏரியின் ஆழத்தில் அந்த வண்டல் இன்றும் 10 கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. அதே நாட்டின் லூசெர்ன் ஏரியில் 1601இல் நிலநடுக்கம் நீரடிச் சரிவுகளைக் கிளப்பியபோது, ஏரியிலிருந்து வெளியேறும் ராய்ஸ் ஆறு திரும்பி ஓடியது. நகர எழுத்தர் ரென்வர்ட் சிசாட் அதைக் குறித்து வைத்தார்.

என்னை அதிகம் அச்சுறுத்துவது அதே ஏரியில் 1687இல் நடந்ததுதான். நிலம் அதிரவே இல்லை. மூவோட்டா ஆற்றின் கழிமுகம் தானாகவே சரிந்து, சுமார் 5 மீட்டர் உயர அலையை எழுப்பியது. நில அதிர்வுக் கருவிகளை மட்டும் நம்பியிருக்கும் எந்த எச்சரிக்கை ஏற்பாடும் இப்படிப்பட்ட சரிவை முன்கூட்டிச் சொல்லாது. சுவிட்சர்லாந்தின் சுக் நகரிலும் 1887 ஜூலையில் ஏரிக்கரையே வீடுகளோடு நீருக்குள் இறங்கி 11 பேர் மாண்டார்கள்.

கரையில் கட்டடம் எழுப்ப அனுமதி தரும்முன், நீருக்கு அடியிலுள்ள சரிவையும் ஒலியலைக் கருவியால் அளந்து, வண்டலைத் துளையிட்டுச் சோதிப்பது கட்டாயமாக வேண்டும். ஏரியின் நீர்மட்டத்தை வேகமாகக் குறைத்தாலும் கரைச் சரிவு தாங்குதலை இழக்கும். அணை நடத்துவோர் இதை அறிந்திருக்க வேண்டும். இவற்றை விளக்கித் தனிக் கட்டுரையொன்றை விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்