எல்லா இடத்துக்கும் ஒரே புஷ்ஷா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. தென்னைக்கு வெள்ளை ஈத் தொல்லை இன்னும் விடவில்லை என்கிறாய். அதற்கு நடுவிலும் அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி.யை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டாயே, உன் தைரியத்தை என்ன சொல்ல! தேங்காய்க் காசெல்லாம் இரும்பில் போய் முடிகிறது என்று தங்கச்சி சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த விஷயத்தில் நான் தங்கச்சி பக்கம்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்குப் பீளமேட்டிலேயே வேலை அமைந்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி மட்டும் விடமாட்டேன் என்கிறது. வண்டிக்கு அடியில் படுக்கிற வேலையெல்லாம் இனி எனக்கு வாயால் சொல்வதோடு சரி.

உன் கேள்விக்கு வருகிறேன். சஸ்பென்ஷன் மூட்டுகளுக்குள் அதிர்வை வாங்க வைக்கிற ரப்பர் புஷ்களுக்குப் பதிலாக, முன்னாலும் பின்னாலும் எல்லா இடத்துக்கும் பாலியூரிதேன் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் புஷ் செட்டாக வாங்கிப் போட்டுவிடலாம், ஆயுசுக்கும் கவலை இல்லை என்கிறானாமே உன் மெக்கானிக் பையன். வேண்டாம் மாப்ள. பையன் கெட்டிக்காரன்தான், வேலை சுத்தமாக இருப்பது போட்டோவிலேயே தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு மூட்டும் எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்று பார்த்துத்தான் அதற்குப் புஷ் போட வேண்டும். கெட்டியாக இருந்தால் நல்லது என்பது ரேஸ் வண்டிக்காரன் கணக்கு. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடுகிற ஃபார்முலா வண்டிகளின் சஸ்பென்ஷனில் ரப்பரே கிடையாது, எல்லாம் இரும்புக் குண்டு மூட்டு. அது வழவழப்பான தளத்தில் சில சுற்று ஓடிவிட்டு ஷெட்டுக்குத் திரும்புகிற வண்டி. நீ ஊருக்கு ஊர் வேகத்தடை ஏறி இறங்கி, ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போகப் போகிறவன்.

ரப்பருக்கும் பாலியூரிதேனுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கெட்டித்தன்மை மட்டும் இல்லை. நம் பட்டறைகளில் சைலண்ட் புஷ் என்கிறார்களே, அதில் உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரோடு ஒட்டி வார்த்தவை. போல்ட்டை முறுக்கினால் உள் குழாய் அப்படியே இறுகி நின்றுவிடும், அப்புறம் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஆர்ம் மேலும் கீழும் போகும்போது நடுவில் இருக்கிற ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. எதுவும் எதன் மேலும் உரசுவதில்லை. அதனால்தான் சத்தமும் இல்லை, கிரீஸும் வேண்டாம். பாலியூரிதேன் எதனோடும் ஒட்டியிருப்பதில்லை. அது உள் குழாயின் மேல் வழுக்கிச் சுற்றுகிறது. ஒரே அச்சில் சுற்றுகிற இடத்தில் அது நல்ல வேலைக்காரன். கொஞ்சம் சாய்ந்தும் கொடுக்க வேண்டிய இடத்தில் முரண்டு பிடிக்கும். கிரீஸ் காய்ந்துவிட்டால் கீச்சுக் கீச்சென்று ஊரையே கூட்டும்.

இதை வைத்துக்கொண்டு உன் வண்டியைப் பார். முன்பக்கக் கீழ் விஷ்போனின், அதாவது கவட்டை மாதிரி இருக்கிற ஆர்மின், உள் முனையில் அந்தக் காலத்தில் போட்டது குழாய் இல்லாத வெறும் ரப்பர், இரண்டு பாதியாக வரும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படுவதும் வளைவில் ஸ்டீயரிங் மசமசவென்று இருப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தால்தான். இதற்கு மருந்தை எம்.ஜி. கம்பெனியே பிறகு தந்துவிட்டது. 1973-இல் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு எம்.ஜி.பி. ஜி.டி. வி8 வந்தபோது, இந்த இடத்துக்கு உள்ளே இரும்புக் குழாய் வைத்து ஒரே துண்டாக வார்த்த புஷ் போட்டார்கள். அது உன் வண்டியின் ஆர்மிலும் அப்படியே உட்காரும். பழைய பாதி ரப்பர் எட்டு வேண்டும், இது நான்கே போதும். கெட்டியாகவும் இருக்கும், ரப்பரின் மெத்தென்ற குணமும் போகாது. என்னைக் கேட்டால் இந்த வண்டியில் புஷ்ஷுக்காகச் செலவு செய்யத் தகுந்த முதல் இடம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

பாலியூரிதேன் வேண்டும் என்று பையன் ஆசைப்பட்டால் வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கிற முன்பக்க ரோல் பாரைப் பாடியோடு பிடிக்கிற இடத்தில் போடட்டும். அங்கே பார் ஒரே அச்சில்தான் சுற்றுகிறது.

பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் முன் காதில், அதாவது பட்டையின் முனை சுருண்டு போல்ட் போகிற துளையில், மட்டும் கை வைக்க விடாதே. வளைவில் வண்டி சாயும்போது ஆக்ஸில் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது பட்டை தன் நீளவாக்கில் லேசாக முறுக்க வேண்டும், காதும் கூடவே சாய வேண்டும். சைலண்ட் புஷ் அதற்கு இடம் கொடுக்கும். கெட்டியான பாலியூரிதேன் போட்டால் பட்டையே ஒரு ரோல் பார் ஆகிவிடும். பின்பக்கம் திடீரென்று விறைத்து, மழை நேரத்தில் மலை வளைவில் வால் வீசும். நாமக்கல் லாரிப் பட்டறையில் கன்மெட்டல் என்கிற வெண்கலப் புஷ் அடித்துக் கிரீஸ் ஏற்றிவிடுகிறார்களே என்று கேட்பாய். அங்கே பத்து டன் பாரம் பட்டையை அமுக்கிக்கொண்டு இருக்கிறது, ஓட்டுகிறவரும் வளைவில் வேகம் தேடுவதில்லை. பட்டையின் பின் முனையைத் தாங்குகிற ஷேக்கிளின் ரப்பரையும், முன் சஸ்பென்ஷனைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற ரப்பர் பட்டைகளையும் பழையபடியே ரப்பரில் போட்டுவிடு.

ரப்பர் வாங்குவதில்தான் இப்போது பெரிய ரோதனை. டப்பா பிரிக்காத பழைய ஒரிஜினல் சரக்கு என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதே. ரப்பர் டப்பாவுக்குள் இருந்தாலும் வயசாகும். ஐம்பது வருடம் கிடந்தது கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கும். நகம் வைத்து அழுத்திப் பார், விரலால் மடக்கி விளிம்பில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பார். இப்போது வருகிற புதுசிலும் சில ஒரு கோடைக்கே தாங்குவதில்லை. குழாய் இல்லாத சாதாரணப் புஷ் என்றால் கோயம்புத்தூரிலேயே செய்துவிடலாம். பம்புக்கும் கிரைண்டருக்கும் ரப்பர் வார்க்கிற இடங்கள் இங்கே இருக்கின்றன. அளவு எடுத்துக் கொடுத்து, ரப்பரின் கெட்டியை அளக்கிற ஷோர் ஏ அளவில் 60, 65 கெட்டியில் இயற்கை ரப்பரில் வேண்டும், பழைய டயரை அரைத்த ரீக்ளெய்ம் கலக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாலியூரிதேன் புஷ்கள் அதே அளவில் 80, 90 என்று போகும் என்றால் வித்தியாசம் உனக்கே புரியும். ஆனால் குழாயோடு ஒட்டுகிற சைலண்ட் புஷ்ஷை இப்படிச் சில்லறையாகச் செய்யப் பார்க்காதே. இரும்பின் மேல் சிறு குண்டுகளை அடித்துச் சுத்தம் செய்து (ஷாட் பிளாஸ்ட்), பசை பூசி, வார்ப்பு அச்சில் ரப்பரோடு சேர்த்துச் சூட்டில் வேக வைத்தால்தான் பிடிக்கும். அதற்குப் பேர் பெற்ற தயாரிப்பாளரிடமே போ, விலை பார்க்காதே.

மாட்டும்போது இரண்டு விஷயம். ரப்பர் உள்ளே போக மறுக்கிறது என்று பையன்கள் என்ஜின் ஆயிலைத் தடவுவார்கள். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீர் போதும், பெஞ்ச் வைஸில் வைத்து நிதானமாக அமுக்கட்டும். இரண்டாவதுதான் முக்கியம். சஸ்பென்ஷன் போல்ட்டுகளை ஜாக்கியில் வண்டி தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கவே கூடாது. தொங்கிய நிலையில் உள் குழாய் இறுகிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். எல்லாவற்றையும் கையிறுக்கமாக விட்டு, சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, முடிந்தால் சீட்டில் ஆளையும் உட்கார வைத்து அப்புறம் முறுக்கச் சொல். புது ரப்பர் சீக்கிரம் போய்விட்டது என்று திட்டுகிறவர்களில் பாதிப்பேர் வண்டியில் இதுதான் நடந்திருக்கும். ரப்பர் மேல் பழி, மெக்கானிக் தப்பித்துவிடுவார்.

அதற்கு முன்னால், முன் சக்கரம் திரும்புகிற தண்டான கிங்பின்னையும், விஷ்போன் ஆடுகிற தண்டான பிவட்டையும் பார்க்கச் சொல். பிவட் தேய்ந்திருந்தால் அதன் மேல் தங்கத்திலேயே புஷ் போட்டாலும் ஆட்டம் நிற்காது. கிங்பின் நிப்பிளில் கிரீஸ் அடிப்பதை யாரும் வருடக்கணக்கில் செய்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. உன் இரண்டாவது போட்டோவில் நிப்பிள் இருக்கிற இடமே மண்ணால் மூடியிருக்கிறது. வேலை முடிந்ததும் டோ இன், அதாவது முன் சக்கரங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கிற அளவு, சரிபார்க்காமல் சாலையில் விடாதே, புது டயர் வீணாகிவிடும்.

பழைய புஷ்களை வெளியே எடுக்க கேஸ் டார்ச் தீ வைத்து எரிப்பார்கள். அதை மட்டும் செய்ய விடாதே, அந்தப் புகை மூச்சுக்கு நல்லதில்லை, ஆர்மும் சூட்டில் கெடும். பிரெஸ் இல்லையென்றால் ஆர்ம்களைக் கழற்றி எனக்கு அனுப்பிவிடு, இங்கே கணபதியில் தெரிந்த லேத் பட்டறையில் அமுக்கி எடுத்துத் தருகிறேன். பிவட்டின் அளவையும் அப்படியே மைக்ரோமீட்டரில் பார்த்துவிடலாம். ஆர்டர் எதுவும் அதற்குப் பிறகு போடு.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். அடுத்த மாதம் வரும்போது ஒரு மூட்டை இளநீர் கொண்டு வா, புஷ் யோசனைக்குக் கூலி.

உன் மச்சான்